காட்டுப் பார்லியும் உழவர் கண்ணும்

சிரியாவில் அலெப்போ நகரிலிருந்து தென்கிழக்கே போகப்போக மழை குறைந்துகொண்டே போகும். நகரத்துக்குத் தெற்கே ஆண்டுக்குச் சுமார் 340 மில்லிமீட்டர் பெய்யும் மழை, சில பத்துக் கிலோமீட்டர் தள்ளினால் 270 ஆகும். இன்னும் கொஞ்சம் போனால் 220இல் நின்றுவிடும். புல்வெளி தொடங்கும் அந்த விளிம்பில் கோதுமை பிழைக்காது, பார்லிதான் பயிர். மணி ஆட்டுக்குத் தீவனம், தாளும் ஆட்டுக்குத் தீவனம், கதிர் பிடிக்காமல் போன வயல் ஆட்டுக்கு மேய்ச்சல். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாசன வசதியுள்ள நாடுகளில் நெல், கோதுமை விளைச்சல் பெருகிக்கொண்டிருந்தபோது, இந்த விளிம்பில் இருந்தவர்கள் தங்கள் பழைய நாட்டு ரகங்களையே விதைத்துவந்தார்கள். மழை சற்றே கூடுதலான மேற்கில் வெள்ளை மணி கொண்ட அரபி அபியத், மிக வறண்ட கிழக்கில் கறுப்பு மணி கொண்ட அரபி அஸ்வத். ஆராய்ச்சி நிலையங்கள் தந்த புதிய ரகங்கள் அங்கே வேரூன்றவில்லை. விவசாயிகள் பழமையில் ஊறியவர்கள், புதியதை ஏற்கத் தெரியாதவர்கள் என்று பல காலம் இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. அந்த விளக்கம் தவறு. வறட்சியைத் தாங்கும் திறனை விதைக்குள் மட்டும் தேடிய ஆராய்ச்சி, அந்த விதை எந்த வயலில், யாருடைய தேவைக்கு விளைய வேண்டும் என்பதை விட்டுவிட்டது. பயிரின் காட்டு உறவினங்களிலிருந்து வரும் மரபணுக்களும் அந்தந்த வயலை அறிந்த விவசாயிகளின் தேர்வும் சேரும்போதுதான் வறட்சிக்கு ஏற்ற தானியம் கிடைக்கும், ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதூரம்தான் போகும் என்பதே இந்த அத்தியாயம் நிறுவ முயலும் கருத்து.

முதலில் வறட்சி என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். மழைமானியில் ஒரே அளவு காட்டும் இரண்டு ஆண்டுகள் பயிருக்கு ஒரே ஆண்டுகள் அல்ல. விதைத்த பின் முதல் மழை தாமதித்தால் முளை மண்ணுக்குள்ளேயே சாகும். நடுவில் விட்டுப்போனால் தூர்கள் குறையும். கதிர் வெளிவந்த பிறகு வானம் பொய்த்தால் மணி சுருங்கிப் பதராகும். சிரியாவில் குளிர்காலப் பயிர் முளைக்கும்போது உறைபனியையும், முதிரும்போது வெயிலையும் வறட்சியோடு சேர்த்தே சந்திக்கிறது. இவற்றைச் சமாளிக்கச் செடிகள் கையாளும் வழிகளும் பல. சில செடிகள் வறட்சி வருமுன் பூத்துக் காய்த்துத் தப்பித்துக்கொள்கின்றன. சில ஆழமாக வேர் இறக்கியும் இலைத்துளைகளை மூடியும் உடலுக்குள் நீரைக் காக்கின்றன. வேறு சில, திசுக்களில் நீர் குறைந்த பிறகும் செயல்படும்படி செல்களுக்குள் சர்க்கரையையும் பிற கரைபொருள்களையும் சேர்த்துக்கொள்கின்றன. இந்த வழிகள் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகவும் இருக்கலாம். சீக்கிரம் முதிரும் செடிக்கு ஆழமாக வேர்விட நேரம் கிடைக்காது; இலைத்துளையை மூடிக்கொள்ளும் செடி நீரை மிச்சம் பிடித்தாலும், காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்க முடியாமல் வளர்ச்சியை இழக்கும். ஆகவே வறட்சியைத் தாங்கும் மரபணு என்று தனியாக ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்து ஒரு செடியை ஒரு வகை வறட்சிக்குப் பொருத்தமாக்குகின்றன; அதே சேர்க்கை வேறொரு வகை வறட்சியில் உதவாமல் போகலாம்.

இந்தப் பலவகைப்பட்ட மரபணுக்கள் பயிர்களில் இன்று குறைவாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவின் பிறைவடிவ வளநிலத்தில் மக்கள் காட்டுப் பார்லியை வீட்டுப் பயிராக்கினார்கள். காட்டுப் பார்லியின் கதிர் முற்றியதும் அதன் நடுத்தண்டு கணுக்கணுவாக உடைந்து மணிகள் தரையில் சிதறும். தானாக விதைத்துக்கொள்ள வேண்டிய செடிக்கு அது நன்மை, அறுவடை செய்பவருக்கோ இழப்பு. இந்த உடையும் தன்மைக்கு அடுத்தடுத்து அமைந்த இரண்டு மரபணுக்கள் தேவை என்றும், அவற்றில் ஏதேனும் ஒன்று செயலிழந்தாலே கதிர் உதிராமல் நிற்கும் என்றும் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படிச் செயலிழந்த செடிகளின் மணியையே மக்கள் மீண்டும் மீண்டும் சேகரித்து விதைத்தார்கள். சில செடிகளின் சந்ததி மட்டும் வயலுக்குள் வந்தது. காட்டில் இருந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. பிறகு வந்த நாட்டு ரகங்கள் ஊருக்கு ஊர் புதிய வேறுபாடுகளைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் கடந்த நூறாண்டில், ஒரே மாதிரியான செடிகள் கொண்ட தூய ரகங்கள் வந்து அந்த வேறுபாட்டையும் சுருக்கின. வெளியே நின்ற காட்டுப் பார்லியோ ஜோர்தான், சிரியா, துருக்கி, ஈரான் எனப் பரந்த நிலத்தின் பாறைச் சரிவுகளிலும் பாலைவன ஓரங்களிலும் உரமோ பாசனமோ இல்லாமல் ஒவ்வொரு வறட்சியையும் நேரில் கண்டு வாழ்ந்துவந்திருக்கிறது. தாங்காத செடி விதை விடாமல் மறைந்தது. பயிர்களின் வேறுபாடுகள் குவிந்து கிடக்கும் இடங்களை உலகெங்கும் தேடிச் சென்று விதை சேகரித்த ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ், வருங்காலப் பயிர்களுக்கான மூலப்பொருள் அங்கேதான் இருக்கிறது என்பதைத் தன் வாழ்நாள் பணியால் நிறுவினார். ஸ்டாலின் காலச் சிறையில் 1943இல் அவர் இறந்தார். அவர் வளர்த்தெடுத்த சேகரிப்பு இன்றும் இருக்கிறது.

காட்டு உறவினம் என்றதும் அதை எல்லாம் வல்ல செடியாகக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. அதன் மணி சிறியது, விளைச்சல் சொற்பம், விதை உறங்கிக் கிடந்து தன் விருப்பப்படி முளைக்கும். அதனிடமிருந்து பெற வேண்டியவை குறிப்பிட்ட சில பண்புகளே. சிரியாவின் வறண்ட ஆண்டுகளில் காட்டுப் பார்லியின் சில சேகரிப்புகள் தனித்துத் தெரிந்தன. அவற்றில் ஒன்றான 41-1 என்ற எண்ணுள்ள செடியை, அரபி அபியத்திலிருந்து தேர்ந்தெடுத்த அர்தா என்ற ரகத்தோடு விஞ்ஞானிகள் கலந்தார்கள். இந்தக் கலப்பிலிருந்து அவர்கள் எதிர்பார்த்த பண்புகளில் முக்கியமானது கடும் வறட்சியிலும் குன்றிப்போகாத உயரம். பாசனப் பயிர்களைப் பற்றியே கேட்டுப் பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். பசுமைப் புரட்சியின் நெல்லும் கோதுமையும் குட்டையானதால்தானே வென்றன? அங்கே உரமும் நீரும் ஏராளம். உயர்ந்த செடி மணியின் பாரத்தில் சாய்ந்துவிடும் என்பது கவலை. 220 மில்லிமீட்டர் மழையில் வளரும் பார்லிக்குச் சாயும் அளவுக்குப் பாரம் சேர்வது அரிது. அங்கே கவலை வேறு: வறண்ட ஆண்டில் செடி ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டால் அறுவடை இயந்திரத்தின் கத்திக்கு எட்டாது, கையால் பிடுங்க ஆள்கூலி கட்டாது, ஆட்டுக்குத் தாளும் இருக்காது. மணி இருந்தும் வீட்டுக்கு வராத பயிர் அது. உயரம் என்ற ஒரே பண்பு ஓரிடத்தில் குறையாகவும் மற்றோரிடத்தில் உயிர்நாடியாகவும் இருப்பதை மனத்தில் கொள்ள வேண்டும். மேலே செல்லும் வாதம் இதன் மேல்தான் நிற்கிறது.

காட்டுச் செடியிலிருந்து ஒரு பண்பைப் பயிருக்குக் கொண்டுவருவது பொறுமை கேட்கும் வேலை. குரோமோசோமில் மரபணுக்கள் வரிசையாக இணைந்திருப்பதால் வேண்டிய ஒன்றை எடுத்தால் அதன் அக்கம்பக்கத்தில் உள்ள வேண்டாதவையும் உடன் வரும். உதிரும் கதிர், சிறுத்த மணி, விதை உறக்கம் எல்லாம் இப்படித்தான் வந்து சேரும். ஆகவே கலப்பில் பிறந்த செடியை மீண்டும் பயிரோடு கலக்கிறார்கள். முதல் கலப்பில் பாதியாக இருந்த காட்டுப் பங்கு, அடுத்த கலப்பில் சராசரியாகக் கால் பங்காகவும், அதற்கடுத்ததில் அரைக்கால் பங்காகவும் குறைகிறது. முறத்தில் புடைப்பதுபோல ஒவ்வொரு சுற்றிலும் பதர் பறந்து மணி மிஞ்ச வேண்டும். பதரோடு மணியும் பறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இப்போது மரபணு அடையாளக் குறிகள் துணை செய்கின்றன. பார்லிக்கும் காட்டுப் பார்லிக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றே என்பதால் அவை இயல்பாகக் கலக்கும். கோதுமையில் சிக்கல் கூடுதல். ரொட்டிக் கோதுமையில் மூன்று புல்லினங்களின் குரோமோசோம் தொகுதிகள் சேர்ந்திருக்கின்றன; சேமியா, பாஸ்தா செய்ய உதவும் துரம் கோதுமையில் இரண்டு. காட்டுப் புல்லில் ஒன்றுதான். எண்ணிக்கை ஒவ்வாததால் கலப்பில் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகிறது. கருவைப் பூவிலிருந்து பிரித்துச் சோதனைக்கூடத்தில் வளர்த்து, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி இந்தத் தடையைத் தாண்டுகிறார்கள். மெக்சிகோவில் உள்ள பன்னாட்டு மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி மையம், ரொட்டிக் கோதுமை இயற்கையில் பிறந்த கலப்பையே புதிதாகச் செய்து பார்த்தது: துரம் கோதுமையை ஈஜிலாப்ஸ் டாஷி என்ற காட்டுப் புல்லோடு சேர்த்து அது உருவாக்கிய செயற்கைக் கோதுமைகள் பல நாடுகளின் ரகங்களுக்கு மூதாதைகளாகியிருக்கின்றன.

இவ்வளவு செய்தும் கையில் இருப்பது ரகம் அல்ல. ஒன்றுக்கொன்று வேறுபட்ட நூற்றுக்கணக்கான சந்ததிகளின் குவியல். அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? வழக்கமான முறையில் இந்த முடிவை ஆராய்ச்சி நிலையத்தின் வயலில்தான் எடுப்பார்கள். நல்ல மண், தேவையான உரம், களையில்லாத பாத்தி. அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். வறண்ட வயலில் மண் திட்டுத்திட்டாக மாறுவதால், இரண்டு செடிகளுக்கிடையே தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணுவால் வந்தது, எவ்வளவு மண்ணால் வந்தது என்று பிரித்தறிவது கடினம்; சீரான வயலில்தான் மரபணுவின் தரம் தெளிவாகத் தெரியும் என்பார்கள். 1977இல் தொடங்கி அலெப்போவுக்கு அருகே தெல் ஹத்யாவில் இயங்கிய, வறண்ட பகுதிகளுக்கான பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையமான இக்கார்டாவில் பணிபுரிந்த இத்தாலிய விஞ்ஞானிகள் சால்வத்தோரே செக்கரெல்லியும் ஸ்தெஃபானியா கிராண்டோவும் இந்த நியாயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பார்லி வரிசைகளை மழை அதிகமான இடத்திலும் குறைந்த இடத்திலும் ஆண்டுக்கணக்கில் வளர்த்தபோது, தரவரிசை தலைகீழாவதைக் கண்டார்கள். நல்ல மழையில் முன்னணியில் நின்றவை வறண்ட வயலில் பின்தங்கின. வறண்ட வயலில் விளைந்தவற்றை நிலையத்தில் மட்டும் பார்த்திருந்தால் முதல் சுற்றிலேயே எறிந்திருப்பார்கள். சீரான வயலில் கிடைக்கும் தெளிவு உண்மைதான். ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடையின் தெளிவு. காட்டுப் பார்லியிலிருந்து அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த உயரம் போன்ற பண்பு நீர் நிறைந்த நிலையத்தில் தன் பயனைக் காட்டாது. அங்கே அது ஒரு குறையாகவே மதிப்பிடப்பட்டுக் கழிக்கப்படலாம். ஆகவே தேர்வு நடக்கும் இடம் மாறாமல், காட்டு மரபணுவை மட்டும் தேடிப் பயனில்லை.

தேர்வை வயலுக்குக் கொண்டுபோனால் அடுத்த கேள்வி: வயலில் யார் தேர்ந்தெடுப்பது? 1990களின் நடுப்பகுதியில் இக்கார்டா இதையும் ஒரு பரிசோதனையாகவே அமைத்தது. 208 பார்லி வரிசைகளை இரண்டு ஆராய்ச்சி நிலையங்களிலும், வெவ்வேறு மழையளவுள்ள ஒன்பது ஊர்களில் விவசாயிகளின் வயல்களிலும் விதைத்தார்கள். பயிர்ப் பெருக்க விஞ்ஞானி தன் போக்கிலும், விவசாயிகள் தங்கள் போக்கிலும் தனித்தனியே தேர்ந்தெடுத்தார்கள். அறுவடைக்குப் பின் எடைபோட்டுப் பார்த்தபோது, தங்கள் வயலில் அதிகம் விளையும் வரிசைகளை இனங்காண்பதில் விவசாயிகள் விஞ்ஞானிக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தார்கள். விஞ்ஞானி சிறந்து விளங்கியது மழை கூடுதலான நிலையத்தில். மழை குறைந்த இடத்தில் அவருடைய தேர்வு பின்தங்கியது. இருநூறுக்கு மேற்பட்ட வரிசைகளைக் கொடுத்தால் விவசாயிகள் குழம்பிப்போவார்கள் என்ற ஐயமும் அத்தோடு தீர்ந்தது. இதன் அடிப்படையில் உருவான முறை எளிமையானது: முதலாண்டு நிறைய வரிசைகளைச் சிறு பாத்திகளில் ஊர் வயலில் விதைப்பது, அறுவடைக்கு முன் விவசாயிகள் மதிப்பெண் இடுவது, விஞ்ஞானிகள் அளவீடுகளைக் கணக்கிட்டுத் தருவது, இரண்டையும் வைத்து ஊரார் கூடி அடுத்த ஆண்டுக்கு எவை போகலாம் என்று முடிவு செய்வது. மூன்று நான்கு ஆண்டுகளில் சில வரிசைகள் மிஞ்சும். அவை ஏக்கர் கணக்கில் விதைப்புக்குப் போகும். ஜோர்தான், எரித்ரியா, ஏமன், எகிப்து, அல்ஜீரியா, ஈரான் போன்ற நாடுகளுக்கும் இந்த முறை பரவியது.

விவசாயிகளின் தேர்வு அகவயமானது, அறிவியலில் அதற்கு இடமில்லை என்பது முதல் ஆட்சேபம். இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடாது. மனிதக் கண் ஏமாறும், பழகியதையே விரும்பும். இதற்கு விடை எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. அந்நாட்டின் வடபகுதியில் இரண்டு இடங்களில் 400 துரம் கோதுமை வரிசைகளை வளர்த்து, 30 ஆண்களும் 30 பெண்களுமாக 60 விவசாயிகளிடம் மதிப்பிடச் சொன்னார்கள். கூடவே உயரம், பூக்கும் நாள், மணி எடை ஆகியவற்றை விஞ்ஞானிகள் அளந்தார்கள். ஒவ்வொரு வரிசையின் மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். 2017இல் வெளியான முடிவுகளின்படி விவசாயிகளின் மதிப்பெண்களை மரபணுத் தொகுதியின் குறிப்பிட்ட பகுதிகளோடு பொருத்திக் காட்ட முடிந்தது. வெறும் மனவிருப்பம் என்றால் அது குரோமோசோமில் ஓரிடத்தைத் தொடர்ந்து சுட்டாது. அந்தப் பகுதிகள் சிலவற்றை விஞ்ஞானிகளின் அளவீடுகள் மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை. விவசாயி ஒரு செடியைப் பார்க்கும்போது மணியின் நிறைவு, தாளின் மென்மை, தூரின் அடர்த்தி, முதிரும் காலம், கடந்த மோசமான ஆண்டின் நினைவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பாகச் சொல்கிறார். அளவுகோல் ஒவ்வொன்றாக அளப்பதைக் கண் தொகுத்துச் சொல்கிறது. இரண்டையும் புள்ளியியலின் முன் வைத்தால் இரண்டுமே தரவுதான். ஆணும் பெண்ணும் எப்போதும் ஒன்றையே தேர்வதில்லை. விற்பவர் பார்ப்பது ஒன்று, குத்திச் சமைப்பவர் பார்ப்பது மற்றொன்று. ஆகவே யாரைக் கேட்கிறோம் என்பதையும் பரிசோதனைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஊரின் வசதிபடைத்த சிலரை மட்டும் கூட்டி மதிப்பெண் வாங்கினால் பங்கேற்பு என்ற பெயர் இருக்கும், பயன் இராது.

இரண்டாவது ஆட்சேபம் செலவைப் பற்றியது. ஊருக்கு ஒரு ரகம் என்று போனால் எந்த நிறுவனத்தால் தாங்க முடியும்? நடந்தவற்றைப் பார்த்தால் இந்த அச்சம் பெரிதாக்கப்பட்டதாகத் தெரிகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆசிய நெல்லை ஆப்பிரிக்க நெல்லோடு கலந்து மான்டி ஜோன்ஸ் தலைமையிலான குழு 1990களில் நெரிக்கா நெல் வகைகளை உருவாக்கியது. ஆப்பிரிக்க நெல் அங்கே 3,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பயிரானது என்பதால் அதைக் காட்டு இனம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது தூரத்து உறவு. கலப்புச் சந்ததி மலடாவதால் கருவைப் பிரித்து வளர்க்கும் அதே உத்தி தேவைப்பட்டது. அந்த வகைகளை விவசாயிகள் தங்கள் வயல்களில் விதைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். களையை அமுக்குவது, சீக்கிரம் முதிர்வது, மேட்டு நிலத்தில் நிற்பது ஆகியவற்றைப் பார்த்து அவர்கள் தேர்ந்தவை பல நாடுகளில் பரவின. அண்மைக் கால எடுத்துக்காட்டு மொராக்கோவில் உள்ளது. இக்கார்டா, துரம் கோதுமையைச் சிரியாவின் வறண்ட பகுதியில் சேகரித்த ஈஜிலாப்ஸ் ஸ்பெல்டாய்ட்ஸ் என்ற காட்டுப் புல்லோடு கலந்து பல வரிசைகளை உருவாக்கி விவசாயிகளிடம் காட்டியது. மற்ற ரகங்கள் மணி பிடிக்கத் திணறிய ஆண்டில் நிமிர்ந்து நின்ற ஒன்றை அவர்கள் தேர்ந்து, அரபியில் மலை என்று பொருள்படும் ஜபல் என்ற பெயரையும் வைத்தார்கள். மொராக்கோ பல பத்தாண்டுகளில் காணாத வறட்சியைச் சந்தித்த 2022ஆம் ஆண்டு ஜபல் உலகச் செய்தியானது. ஓர் ஊரின் தேர்வு அதேபோன்ற மண்ணும் மழையும் கொண்ட பல ஊர்களுக்குப் பொருந்தும். வேண்டியது ஊருக்கொரு ரகம் அல்ல. வறட்சியின் வகைக்கொரு தேர்வுக்களம். நிலையத்தில் உருவாக்கி, வெளியிட்டு, விவசாயிகள் தொடாமல் போன ரகங்களுக்கு ஆன செலவையும் கணக்கில் சேர்த்தால் எது மலிவு என்பது தெரியும்.

இதையும் சிக்கனமாக்கும் வழி ஒன்று உண்டு. ஒரு ரகத்தைத் தேர்ந்து முடிப்பதற்குப் பதிலாக, வேறுபட்ட ஏராளமான சந்ததிகளைக் கலந்து ஒரே வயலில் விதைத்து, அறுத்த மணியையே மறுஆண்டும் விதைத்துவந்தால், அந்த வயலுக்கு ஒவ்வாதவை குறைந்து ஒத்தவை பெருகும். அமெரிக்காவில் பார்லியில் இதைச் செய்துபார்த்த சூனசன், 1956இல் இதைப் பரிணாமவழிப் பயிர்ப் பெருக்கம் என்று பெயரிட்டு எழுதினார். 2008இல் செக்கரெல்லியின் குழு சுமார் 1,600 கலப்புகளின் சந்ததிகளைச் சேர்த்து ஒரு பார்லிக் கலவை உருவாக்கி சிரியா, ஜோர்தான், ஈரான், அல்ஜீரியா, எரித்ரியா விவசாயிகளுக்கு வழங்கியது. காட்டுப் பார்லி, நாட்டு ரகங்கள், நவீன வரிசைகள் மூன்றின் வழிவந்தவையும் அதில் இருந்தன. கலவையை அப்படியே பயிர் செய்யலாம். அதற்குள்ளிருந்து நல்ல கதிர்களைப் பொறுக்கித் தனி ரகமாகவும் வளர்க்கலாம். பருவநிலை நகர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் இதன் சிறப்பு, பயிரும் கூடவே நகர்கிறது என்பது. பத்தாண்டுக்கு முந்தைய மழைக்காகத் தேர்ந்த தூய ரகத்தால் அது முடியாது.

மரபணு மாற்றமும் மரபணுத் திருத்தமும் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு என்பது மூன்றாவது ஆட்சேபம். அவை பயனுள்ள கருவிகள். அவற்றை எதிர்க்க இந்த வாதத்துக்கு அவசியமில்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த மக்காச்சோளம் 2013இல் அமெரிக்க வயல்களுக்கு வந்தது; சூரியகாந்தியின் மரபணுவைப் பெற்ற கோதுமையை 2020இல் அர்ஜென்டினா அனுமதித்தது. முதலாவது மிதமான வறட்சியில் இழப்பைக் குறைத்தது, கடும் வறட்சிக்கு விடையாகவில்லை. காரணம் நாம் முன்பே பார்த்ததுதான்: வறட்சியைத் தாங்குவது பல மரபணுக்களின் கூட்டு வேலை. எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்த பின்தான் திருத்தும் கருவி உதவும். எதை என்ற அறிவு காட்டு உறவினங்களின் வேறுபாட்டிலிருந்து கிடைக்கிறது. திருத்திய செடி எங்கே, யாருக்கு உதவும் என்ற முடிவும் வறண்ட வயலிலேயே கிடைக்கும். கருவி எவ்வளவு நுட்பமானாலும் இந்த இரண்டு முனைகளும் அப்படியே இருக்கும்.

நான்காவது ஆட்சேபம்தான் கனமானது: வறட்சிக்காகத் தேர்ந்த ரகம் நல்ல மழை பெய்யும் ஆண்டில் விளைச்சலைத் தவறவிடாதா? சில நேரம் தவறவிடும். சிக்கனமாக நீரைச் செலவிடும் செடி, நீர் மிகுந்திருக்கும்போது அதை முழுதும் பயன்படுத்திக்கொள்ளாது. ஆனால் மானாவாரிக் குடும்பத்தின் கணக்கு சராசரி விளைச்சலில் முடிவதில்லை. நல்ல ஆண்டில் எல்லார் வயலிலும் விளைகிறது, விலை இறங்குகிறது. கெட்ட ஆண்டில் தீவனத்துக்காக ஆட்டை விற்க நேர்ந்தால், கடன் வாங்க நேர்ந்தால், அந்த இழப்பை அடுத்து வரும் இரண்டு மூன்று நல்ல ஆண்டுகள்கூட ஈடுசெய்யாமல் போகலாம். கெட்ட ஆண்டின் அரை மூட்டை, நல்ல ஆண்டின் கூடுதல் மூட்டையைவிட மதிப்புள்ளது. இந்த மதிப்பீட்டைச் செய்ய உரிமையுள்ளவர் அதன் விளைவைச் சுமப்பவர். வயலின் ஒரு பகுதியில் ஒன்றும் மறுபகுதியில் மற்றொன்றும் விதைத்து ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும் அவருக்குத் தெரியும். ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம். கூடவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மழையே இல்லாத ஆண்டில் எந்த ரகமும் விளையாது. மண்ணின் ஈரம் காப்பது, நீர்நிலைகளைப் பேணுவது, பயிர்க் காப்பீடு, நியாயமான விலை ஆகியவற்றின் வேலையை விதையால் செய்துவிட முடியாது.

இந்த வழி நிலைக்க இரண்டு காப்புகள் தேவை. ஒன்று மரபணுக்களுக்கு. சிரியாவில் போர் தொடங்கிய பின் தெல் ஹத்யாவைவிட்டு இக்கார்டா ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. காட்டு உறவினங்களும் நாட்டு ரகங்களும் நிறைந்த அங்குள்ள விதை வங்கியின் சேகரிப்பில் சுமார் 1,16,000 மாதிரிகளின் நகல்கள் அதற்குள் நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தை அடைந்திருந்தன. 2008இல் திறக்கப்பட்ட அந்தப் பெட்டகத்திலிருந்து முதன்முதலாக, 2015இல், விதை திரும்பப் பெற்றது இக்கார்டாதான். அவற்றை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017 முதல் புதிய நகல்களைப் பெட்டகத்துக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். நகல் வைக்கும் பழக்கம் இல்லாதிருந்தால் பல்லாயிரம் ஆண்டுகள் வறட்சியில் புடம்போட்ட மரபணுக்களை மீட்க வழியிருந்திருக்காது. ஆயினும் பெட்டகத்தில் உறைந்திருக்கும் விதை, உறைந்த ஆண்டோடு நின்றுவிட்ட விதை. மேய்ச்சல் நெருக்கடியாலும் கட்டடங்களாலும் அழிந்துவரும் சரிவுகளில் காட்டுப் பார்லியும் காட்டுக் கோதுமையும் தொடர்ந்து வளர இடம் ஒதுக்கினால்தான் அவை நாளைய வெப்பத்துக்கும் பழகும்.

மற்றொரு காப்பு விவசாயிகளுக்கு. பெரும்பாலான நாடுகளின் விதைச் சட்டங்கள் ரகம் என்றால் செடிக்குச் செடி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கின்றன. ஊர் வயலில் பிறந்த கலவைகளும், ஓரளவு வேறுபாட்டை வைத்துக்கொண்டிருக்கும் ரகங்களும் அந்த வாசலில் தடுக்கப்படுகின்றன. பதிவில்லாத விதையை விற்க முடியாது, விற்க முடியாத விதை பரவாது. மாற்றத்துக்கான தொடக்கங்கள் தெரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இயற்கை வேளாண்மைக்கான புதிய விதிகளில், 2022 முதல், வேறுபாடுள்ள விதைக் கலவைகளைச் சந்தைப்படுத்த இடம் தந்திருக்கிறது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயிகள் பேணிய ரகங்களைப் பதிவு செய்யவும், விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் அவர்களுக்குள்ள உரிமையை ஏற்கிறது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. ராமநாதபுரத்துப் புழுதி விதைப்புக்கோ தர்மபுரியின் மானாவாரி ராகிக்கோ ரகம் உருவாகும்போது முதல் சுற்றிலேயே அந்த ஊரார் வயலில் இறங்கித் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வேண்டும். முடிந்துபோன ரகத்தைக் கொண்டுவந்து கருத்துக் கேட்பது அதற்கு ஈடாகாது. வறட்சி ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குபவர்கள் ஆய்வகத்துக்கு எவ்வளவு, விதை வங்கிக்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஊர் வயலில் நடக்கும் தேர்வுக்கு எவ்வளவு என்ற மூன்றாவது கேள்வியும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். அது இல்லாத இடத்தில் மற்ற இரண்டுக்கும் செலவிட்ட பணம் விளைச்சலாக மாறுவதில்லை என்பதைச் சிரியாவின் பார்லி வயல்கள் எடைபோட்டே காட்டிவிட்டன.